இளஞ்சிவப்பு மாடிக்கு இரண்டு வரி

1

அன்று காலை டிராம் நிறுத்தத்தில் கூடியவர்களின் பெயர்களை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் ஜப்பானியத் துறைமுக ஊரான ஹகோதாதேயில் எது நடந்தாலும் ஒரு வருடத்துக்குள் சாட்சிகள் இரு மடங்காகிவிடுவார்கள். "நானும் அங்கதான் நின்னேன்" என்று மீன் சந்தையில் பாதிப் பேர் கிளம்புவார்கள். நின்றவர்கள் இவர்கள் மட்டும்தான்.

அரை நாள் நடைச் சுற்றுலாவின் வழிகாட்டி, மிஸுகோஷி ஷூஸோ. குரே நகரத்திலிருந்து வந்திருந்த ஒரிதோ என்பவர். ஒரு கப்பல் கட்டும் தளத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை. அவர் மனைவி, ஒரிதோ அம்மாள். நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் வேலை பார்க்கும் மிகாமி என்ற இளம்பெண். பிறகு, ஷூஸோவின் அக்கா மிஸுகோஷி மசாயோ. இவர் முகக்கவசமும் அகல விளிம்புத் தொப்பியும் அணிந்து, செந்தாய் நகரத்துப் பெண்மணி என்று பொய்ப் பெயரில் சேர்ந்திருந்தார்.

ஒரு கடற்புறாவும் இருந்தது. ஒரிதோவின் கையிலிருந்த ரொட்டிக்காக இரண்டாவது சரிவு வரை கூடவே வந்தது. முதல் பிரதியில் அதை விட்டுவிட்டேன். திரும்ப வாசித்தபோது, அந்தக் காலை முழுதும் தனக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிக்காமல் நடந்துகொண்டது அது ஒன்றுதான் என்று தோன்றியதால் சேர்த்துக்கொண்டேன்.

இந்தக் கதை பிறந்த விதம் மிகச் சாதாரணம். எங்கள் வீட்டு வாசலில் நகராட்சி ஓர் அறிவிப்புப் பலகை நிறுத்தப்போகிறது. அதில் வீட்டைப் பற்றி இரண்டு வரி வேண்டும் என்று மிகாமி கேட்டாள். இரண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வந்தது இது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

துறைமுகத்தின் மேல் மூடுபனி ஒரு பழைய துக்கம்போல்—

இல்லை. அன்று மூடுபனியே கிடையாது. மசாயோவுக்குத் துக்கமும் கிடையாது, கோபம்தான் இருந்தது. கோபத்துக்கு நல்ல வெயிலே போதும்.

இரண்டாவது முயற்சி:

நான்கு தலைமுறைகளாக இத்துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கெல்லாம் கயிறும் குடிநீரும் முள்ளங்கியும் பெயிண்டும் வழங்கிப் புகழ்பெற்ற மிஸுகோஷி குடும்பமானது—

இது கதையின் தொடக்கம் இல்லை, கல்வெட்டின் தொடக்கம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இருந்தாலும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது:

ஒரு பெண் தன் சொந்த வீட்டைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாகப் போனாள்.

இது பரவாயில்லை. "போனாள்" மட்டும் சரியில்லை. "போனார்" என்று திருத்திக்கொள்கிறேன்.

[மசாயோ என்பது நான்தான். அதை மறைத்து வாசகரை அலைய வைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் "நான் போனேன், நான் ஒளிந்து நின்றேன்" என்று எழுதினால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. ஆகவே மசாயோ என்றே எழுதுவேன், "அவர்" என்று மரியாதையோடு. தம்பி வயதில் சின்னவன். அவனுக்கு "அவன்" போதும்.]

3

முதலில் வீடு. தரைத்தளம் மரச் சட்டகக் கதவுகளோடு அசல் ஜப்பானிய வீடு. மேல்மாடி மேலே தூக்கித் திறக்கும் உயரமான கண்ணாடி ஜன்னல்களும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த பலகைச் சுவரும், அதன்மேல் பெயிண்டுமாக மேலைநாட்டு வீடு. இந்தச் சரிவுகளில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பக்கத்து வீடுகளைவிட எங்களுடையது நேராக நிற்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் பழைய வீடுகளைக் காக்கும் குழு ஒன்று வந்து, மாடியின் பலகையும் பெயிண்டும் தரைவரை இறங்கும் பக்கச் சுவரில், வாசலுக்கு அருகே உப்புத்தாளால் ஒரு வட்டம் தேய்த்துவிட்டுப் போனது. காலகாலமாகப் பூசிய பெயிண்ட் எல்லாம் மரத்தின் ஆண்டு வளையம் போல வட்ட வட்டமாகத் தெரியும் என்றார்கள். தெரிந்தது. வெளியே சாம்பல், அடுத்து வெண்ணெய் நிறம், அதற்குள் பச்சை, நட்டநடுவில் இளஞ்சிவப்பு.

மசாயோ மறுநாளே தபால் பெட்டியைக் கதவிலிருந்து கழற்றி அந்த வட்டத்தின் மேல் மாட்டினார். தபால்காரர் மூன்று நாள் கதவிலேயே தேடிக்கொண்டிருந்தார். வீட்டின் மாடி என்றைக்கும் சாம்பல் நிறம்தான் என்பது மசாயோவின் கட்சி. கேட்டவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னார். பெரியவர் சொன்னால் மறுத்துப் பேசுவது இங்கே வழக்கமில்லை.

பிறகு ஷூஸோ வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வழிகாட்டியானான்.

அவன் வீட்டு வாசலில் கூட்டத்தை நிறுத்தி என்னவோ ஒரு விதவைக் கதை சொல்கிறான், அதற்குக் கைதட்டல் வேறு கிடைக்கிறது என்று அண்டை வீட்டுக்காரி வந்து காதில் போட்டாள். அதைக்கூட மசாயோ பொறுத்துக்கொண்டார். பேச்சு காற்றோடு போய்விடும், இந்த ஊரில் காற்றுக்கா பஞ்சம். ஆனால் பலகை போகாது. பலகையில் என்ன எழுதுவது என்பதை அன்றைய நடையில் கேட்டு முடிவு செய்துகொள்வதாக மிகாமி சொல்லியிருந்தாள். தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ஊர் பேர் தெரியாத ஒரு பெண் பல்லாண்டு காலம் நிற்பதா, வேண்டாமா? மசாயோ தொப்பியைத் தேடி எடுத்தது இதற்காகத்தான்.

4

நடை பற்றி அதிகம் எழுத மாட்டேன். சரிவில் ஏறினால் தேவாலயம், திரும்பினால் கடல், மறுபடி ஏறினால் இன்னொரு தேவாலயம். சின்ன வயதிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டே ஏறிய சரிவுகளை வெளியூர்க்காரர்கள் ஆகா என்று படம் பிடிப்பதைப் பார்த்தால், நம் வீட்டுப் பழைய துடைப்பத்தை யாரோ கண்காட்சியில் வைத்தது போல இருக்கும்.

ஷூஸோ நன்றாகப் பேசினான். இதை எழுத வேண்டியிருப்பதில் மசாயோவுக்கு மகிழ்ச்சியில்லை. வங்கியில் இருந்த காலம் முழுவதும் வாயைத் திறக்காத பையன், குடைக்காம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊரே அடிக்கடி எரிந்து சாம்பலானதால்தான் இந்தச் சரிவுகளை இவ்வளவு அகலமாக வெட்டினார்கள் என்று விளக்கினான். தீ தாண்டாது, ஆனால் வம்பு தாண்டிவிடும், அதற்கேற்ற அகலத்துக்குத் தெரு போட நகராட்சிக்கு இன்னும் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டான். மிகாமி நகராட்சிக்காக லேசாகத் தலைகுனிந்தாள்.

ஒரிதோ ஒவ்வொரு இடத்திலும் குரேயில் இதைவிடப் பெரியது இருக்கிறது என்றார். கப்பல் துறையைக் காட்டியபோது சொன்னார். மலையைக் காட்டியபோதும் சொன்னார். கடலைக் காட்டியபோது வாயைத் திறந்தார், அதற்குள் அவர் மனைவி கையில் ஒரு மிட்டாயை வைத்து அழுத்திவிட்டார்.

மசாயோ பின்னால் வந்தார். முகக்கவசம், தொப்பி, யாரும் கண்டுகொள்ளவில்லை. அதாவது அப்படி அவர் நினைத்தார்.

5

வீட்டு வாசல்.

ஷூஸோ எல்லோரையும் அரைவட்டமாக நிறுத்தினான். கீழே ஜப்பான், மேலே ஐரோப்பா, கீழே செருப்பைக் கழற்ற வேண்டும், மேலே தொப்பியைக் கழற்ற வேண்டும், எங்கள் தாத்தா கீழே புத்தரை வணங்கிவிட்டு மாடிக்குப் போய்ச் சுருட்டு பிடிப்பார் என்றான். இதுவரை எல்லாம் உண்மை. பிறகு சுவரருகே போய், தபால் பெட்டியை, உறவுக்காரர் தலையிலிருந்து தொப்பியை எடுப்பதுபோலத் தூக்கி எடுத்துவிட்டான்.

மசாயோவின் பெட்டி. மசாயோ கையால் ஆணி அடித்தது.

"நடுவுல பாருங்க, இளஞ்சிவப்பு. இந்த நிறம் எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு இங்கிலீஷ் கேப்டன், கடலோட போயிட்டார். அவரோட மனைவி ஒருநாள் இந்தச் சரிவுல ஏறி வந்து எங்க தாத்தாகிட்ட சொன்னாங்களாம்: 'கடல்லேர்ந்து பாத்தா உங்க வீடு ஜெயில் மாதிரி இருக்கு.' மறுநாளே தாத்தா மாடி முழுக்க இளஞ்சிவப்பு அடிச்சுட்டார். பாட்டி ஒரு மாசம் அவரோட பேசல."

"அந்தம்மா அழகா இருப்பாங்களா?" என்று ஒரிதோ அம்மாள் கேட்டார்.

"ஒரு மாசம் பேசாம இருக்கற அளவுக்கு அழகு."

எல்லோரும் சிரித்தார்கள். மிகாமி எழுதிக்கொண்டாள்.*

* இந்த விதவையை நான் நம்பவில்லை. கதாபாத்திரம் என்றே சேர்க்க மனமில்லை. அண்டை வீட்டுக்காரியின் தகவல்படி, ஒசாகாக்காரர்கள் வந்தபோது அவள் ரஷ்யாக்காரி. மாணவிகள் கூட்டம் வந்தபோது பியானோ வாசித்தாள். ஒரு மழை நாளில் காசநோயும் வந்தது. கேட்பவரைப் பார்த்து நாடு மாறுகிறவளை எந்த எழுத்தாளர் வீட்டுக்குள் விடுவார்? அடித்துவிடலாம் என்றால் அடுத்த பக்கத்தில் அவள் தேவைப்படுகிறாள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

6

[கதையை இங்கே நிறுத்த வேண்டும். மசாயோவுக்குத் தெரிந்தது வாசகருக்கும் தெரிந்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும். இதுவரை எழுதாத ஒன்றை எழுதப்போகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு வாசியுங்கள்.]

கப்பல்களுக்குச் சரக்கு கொடுக்கும் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: ஏறிய சரக்கு இறங்காது. ஒருமுறை கப்பலில் ஏற்றிய முள்ளங்கியோ கயிறோ திரும்பக் கரைக்கு வந்தால் அந்தக் கடையின் பெயர் துறைமுகத்தில் முடிந்தது. வீட்டுக்காரர் இரண்டு குடும்பம் நடத்தலாம், குடித்துவிட்டுக் கால்வாயில் விழலாம், கடவுளை மாற்றிக்கொள்ளலாம். சரக்கு மட்டும் திரும்பி வரக் கூடாது.

வடகடலுக்குச் சால்மன் பிடிக்கப் போகும் ஒரு கப்பலுக்குத் தாத்தா தொகுஜி அடிப்பாகப் பெயிண்ட் கொடுக்க வேண்டியிருந்தது. கப்பலின் அடியில் கொட்டலசு என்கிற ஓட்டுப் பூச்சி ஒட்டாமல் இருக்கப் பூசுகிற கெட்டிச் சிவப்புப் பெயிண்ட். வழக்கமான இடத்தில் வாங்காமல், நம் கிடங்கிலேயே கலக்கினால் என்ன என்று தாத்தாவுக்கு ஒரு யோசனை. கலக்கினார். வெள்ளை அதிகமாகிவிட்டது. எண்ணெயும் அதிகம். பீப்பாய்கள் கப்பலுக்குப் போயின. ஒரு பக்கம் பூசிப் பார்த்த கேப்டன் தூரிகையைக் கடலில் வீசினாராம். பிறகு, இளஞ்சிவப்புப் பிட்டத்தோடு திமிங்கலங்களுக்கு நடுவே போக எனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு, மீதியை இறக்கச் சொல்லிவிட்டார்.

பீப்பாய்கள் குதிரை வண்டியில் ஏறி, பட்டப்பகலில் சரிவு வழியாக வீட்டுக்குத் திரும்பின. இருபுறமும் கடைக்காரர்கள். "என்ன மிஸுகோஷி ஐயா, சரக்கு மேல போகுது?" என்று ஒருவர் கேட்டார்.

"வீட்டுக்கு அடிக்க வாங்கினது" என்றார் தாத்தா. கண் இமைக்கவில்லை.

சொல்லியாகிவிட்டது. ஆகவே அடித்தார். ஏணி வைத்து, மாடி முழுவதும், நான்கு பக்கமும். அந்தப் பெயிண்ட் கடலில் காயுமோ என்னவோ, கரையில் காயவில்லை. இரண்டு கோடைகாலம் பிசுபிசுத்தது. ஈ, விட்டில், கடற்புறா இறகு, பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து பறந்துவந்த ஒரு காலுறை, எல்லாம் ஒட்டிக்கொண்டு சுவரே ஓர் உயிரினக் காட்சிச்சாலை. ஒரு நல்ல குணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் மாடியில் ஒரு கொட்டலசும் ஒட்டியதில்லை.

அப்பா இறப்பதற்கு முன் மசாயோவைத் தனியே அழைத்து இதைச் சொன்னார். மூத்தவள், அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன் என்றார். தம்பியிடம் சொல்லாதே, அவன் வாயில் நிற்காது என்றார். மசாயோ சொல்லவில்லை. மாடி என்றைக்கும் சாம்பல் என்றார்.

7

மறுபடி வாசல்.

ஒரிதோ வட்டத்தின் அருகே குனிந்திருந்தார். நகத்தால் நடுவிலிருந்த இளஞ்சிவப்பைச் சுரண்டி, தூளை விரலில் வைத்துத் தேய்த்தார். அரை நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காமல் வந்தவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இது வீட்டுக்கு அடிக்கற பெயிண்டே இல்ல. கப்பலோட அடிப்பாகத்துக்குப் பூசறது. எங்க தளத்துல டன் கணக்குல பாத்திருக்கேன். கலவை தப்பாப் போனா இப்படித்தான் வெளுத்துப் போகும். யாரோ சரக்கு வேண்டாம்னு திருப்பி—"

ஷூஸோவின் கையிலிருந்த தபால் பெட்டி சுவரில் இடித்தது. இத்தனை கூட்டங்களுக்கு இத்தனை நாட்டு விதவைகளைக் கொண்டுவந்தவனுக்கு, அந்த நேரத்தில் ஒருத்தியும் வரவில்லை. மிகாமியின் பேனா காத்திருந்தது.

இந்த இடத்தில் மசாயோ என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். அவர் வந்தது விதவையை ஒழிக்க. இதோ ஒழிப்பதற்கு ஆளும் வந்துவிட்டார், குரேயிலிருந்து சொந்தச் செலவில். பேசாமல் நின்றிருந்தால் போதும்.

மசாயோ முகக்கவசத்தைக் கழற்றினார்.

"கப்பல் பெயிண்ட்தான்" என்றார். "சரியாக் கண்டுபிடிச்சீங்க."

"நீங்க..." என்றாள் மிகாமி.

"இந்த வீட்டுப் பெரியவ. செந்தாய்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது." பிறகு ஒரிதோ அம்மாளைப் பார்த்துத்தான் பேசினார், கேட்கத் தெரிந்த முகம் அங்கே அது ஒன்றுதான். "ஜெயில் மாதிரின்னு அவங்க சொன்னதா தம்பி சொல்றது தப்பு. அந்தம்மா அப்படியெல்லாம் பேசறவங்க இல்ல. அவங்க வீட்டுக்காரரோட கப்பல் இந்த விரிகுடாவுலதான் கவிழ்ந்துச்சு. கரைல நின்னு பாத்தாங்க. கடைசியாத் தெரிஞ்சது கப்பலோட அடிதான். கொஞ்ச வருஷம் போனதும், அந்த நிறம் தனக்கு மறந்துட்டு வருதுன்னு எங்க தாத்தாகிட்ட வந்து சொன்னாங்க. முகம் மறந்தாக்கூடப் பரவால்ல, படம் இருக்கு, அந்த நிறத்துக்குப் படம் இல்லையேன்னாங்க. தாத்தா கப்பல்காரங்க பூசற அதே பெயிண்ட்ட வாங்கிட்டு வந்து, துறைமுகத்துலேர்ந்து பாத்தா தெரியற மாதிரி மாடில அடிச்சார். அவ்வளவுதான்."

[இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. மசாயோ அதுவரை கற்பனை செய்த மிகப் பெரிய விஷயம் சாம்பல் நிறம்.]

ஒரிதோ அம்மாள் கணவரின் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவிக்கொண்டார். ஒரிதோ நிமிர்ந்து நின்று, கவிழ்ந்தால் கடைசிவரை தெரிவது அடிப்பாகம்தான், அது தொழில்நுட்ப ரீதியாகச் சரி என்று உறுதி செய்தார். திருப்பி அனுப்பிய சரக்கைப் பற்றி அவருக்கு அதன்பின் நினைவே வரவில்லை.

"அந்தம்மா பேர் என்ன?" என்று கேட்டாள் மிகாமி.

"எடித்" என்றான் ஷூஸோ.

"மார்த்தா" என்றார் மசாயோ. இரண்டும் ஒரே நேரத்தில்.

மிகாமி நிமிர்ந்து பார்த்தாள்.

"எடித் மார்த்தா" என்றார் மசாயோ. "இங்கிலீஷ்காரங்களுக்கு ரெண்டு பேர் இருக்கும்."

8

நடை முடிந்து மற்றவர்கள் செங்கல் கிடங்குகளின் பக்கம் போனபிறகு, அக்காவும் தம்பியும் சந்துக்குள் இருக்கும் உப்பு ராமென் நூடுல்ஸ் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா இறந்த பிறகு அவர்கள் வெளியில் சேர்ந்து சாப்பிட்டதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள்.

என்னை எப்போது கண்டுபிடித்தாய் என்று மசாயோ கேட்டார். முதல் சரிவிலேயே என்றான். வெளியூர்க்காரர்கள் எல்லோரும் நாக்கைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது, செந்தாய்ப் பெண்மணி மட்டும் வாடகை வசூலிக்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து ஏறினாராம்.

"தெரிஞ்சும் அந்த விதவைய என் முன்னாடியே இழுத்துட்டு வந்தியா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? பக்கத்துல நகராட்சிக்காரப் பொண்ணு. வட்டத்தக் காட்டாமப் போனா ஏன் காட்டலன்னு கேட்பா. காட்டினா ஏன் இளஞ்சிவப்புன்னு கேட்பா." அவன் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முத முறை ஒருத்தர் அப்படிக் கேட்டப்போ வாய்வரைக்கும் உண்மை வந்துருச்சுக்கா. பீப்பாய் திரும்பி வந்தத நானே சொல்லிடுவேனோன்னு பயம். கைக்கு அகப்பட்ட பொம்பளைய இழுத்து நடுவுல நிறுத்திட்டேன்."

மசாயோ குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பீப்பாய் உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னார்."

"என்கிட்டதான் சொன்னார். எனக்கு மட்டும்தான்னு சொன்னார்."

"என்கிட்டயும் அதேதான் சொன்னார். ஆம்பளப் பிள்ளை, அதனால உனக்கு மட்டும்னு." ஷூஸோ சூப்பைக் குடித்தான். "அக்காகிட்ட மூச்சு விடாதேன்னும் சொன்னார்."

"ஏனாம்?"

"அக்காவால தாங்க முடியாதுன்னார். சரக்கு திரும்பி வந்த வீடுன்னு தெரிஞ்சா அவ தெருவுல தலை நிமிந்து நடக்கமாட்டா, அப்படி நடக்கறதுதான் அவளுக்கு அழகுன்னார்."

கடைக்காரர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். இந்த இடத்தில் மசாயோவின் மனதில் ஓடியதை எழுத நான்கு முறை முயன்றேன்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, இத்தனை காலமும்—

ஒரே சுவருக்கு இருபுறமும் நின்றுகொண்டு இருவரும்—

தபால் பெட்டியும் விதவையும் உண்மையில் ஒரே—

மூன்றும் வேண்டாம். நான்காவதை வாசிப்பவருக்குக் காட்டும் அளவு பழக்கம் நமக்குள் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மசாயோ தன் கிண்ணத்திலிருந்த பன்றி இறைச்சித் துண்டை எடுத்துத் தம்பியின் கிண்ணத்தில் போட்டார். அவன், "பல்லு போனதால போடறியா, பாசத்துல போடறியா?" என்று கேட்டான். "தின்னு" என்றார்.

9

இனி முடிவு. மூன்று பிரதிகள் இருக்கின்றன.

முதல் பிரதியில், பலகையில் எடித் மார்த்தா இடம்பெறுகிறாள். மிகாமி எழுதியனுப்பிய வரிகள் அழகானவை. மசாயோவே இரண்டு முறை வாசித்தார். சரக்கின் மானம் பிழைக்கிறது. ஆனால் பாட்டி ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் அந்த வரிகளில் இருக்கிறது, விலை கொடுப்பது பாட்டி. தாத்தாவோடு ஒருநாள்கூடப் பேசாமல் இருந்தறியாத பெண்மணி அவர். பேச்சை நிறுத்தச் சொல்லித் தாத்தாதான் கெஞ்சுவாராம். இல்லாத ஒருத்திக்காக இருந்த ஒருத்தி காலம் முழுக்க வாசலில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவரும் மிஸுகோஷிதான்.

இரண்டாவது பிரதியில், "மாடி தொடக்கத்திலிருந்தே சாம்பல் நிறம்" என்று பலகை சொல்கிறது. பலகைக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. வருகிறவர்கள் ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மூன்றாவது பிரதியில் பீப்பாய்கள் வருகின்றன. அதை எழுதத் தொடங்கி, "சரக்கு" என்ற சொல்லுக்குப் பிறகு வினைச்சொல் போட முடியாமல் நிறுத்தியிருக்கிறேன். "திரும்பி" வரை கை போகிறது. அதன்பின் இல்லை.

மிகாமி பொறுமைசாலி. இரண்டு முறை தொலைபேசியில் கேட்டாள், மூன்றாம் முறை கேட்காமல் பலகையை நிறுத்திவிட்டாள். மேலே வீட்டின் பெயர், கட்டிய ஆண்டு. கீழே இரண்டு வரிக்கு இடம், வெறுமையாக. கூட்டம் வரும்போது ஷூஸோ அதைக் காட்டி, "எங்க அக்கா இன்னும் யோசிச்சுட்டிருக்காங்க" என்கிறான். அதற்கும் கைதட்டுகிறார்களாம்.

ஆகவே அந்த இரண்டு வரியை உங்களிடம் விடுகிறேன். எது சரியென்று படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் திருத்த மாட்டேன், ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. ஆறாம் பகுதியை வாசித்துவிட்டீர்கள். உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் சரிவில் எப்போதாவது ஏற நேர்ந்தால், இளஞ்சிவப்பைப் பார்த்து ஒன்றும் தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஒரு பேச்சு காதுக்கு வந்தது. வெளிநாட்டார் கல்லறைத் தோட்டத்தில், கடலைப் பார்த்தபடி, பெயர் அழிந்து நிற்கும் கல் எடித் மார்த்தாவுடையது என்றும், அங்கே தினமும் இருக்கிற பூ மிஸுகோஷி வீட்டிலிருந்து ரகசியமாகப் போவது என்றும் சொல்கிறார்கள்.

தவறு. அந்தக் கல் ஒரு டென்மார்க் மாலுமியுடையது, காய்ச்சலில் இறந்தவர். பின்பக்கம் போய்ப் பார்த்தால் எழுத்து தெளிவாக இருக்கிறது. பூவை வைத்துவிட்டுப் போவது சுற்றுலாப் பயணிகள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.